லிஃப்டுக்குள் இருந்தவர் பதில் சொல்லவில்லை

“…கேக்காம இல்ல சார். நீங்க தட்டினது, கூப்பிட்டது, அந்தம்மா அழுதது எல்லாமே தெளிவாத்தான் கேட்டுச்சு. ஆனா நான் பதில் சொல்லக் கூடாது பாருங்க” என்றார், லிஃப்டிலிருந்து வெளியே கால் வைத்த பெரியவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பேசக் கூடாது என்பதை விளக்க நிறையவே பேசினார்.

லிஃப்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் நான் விதவிதமான வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். மாட்டிக்கொண்ட மனிதர் சொல்வதைப் போல உண்மையான பேச்சு வேறெங்கும் கிடையாது. சேலையூரில் ஒரு பையன் உள்ளிருந்து, “அண்ணா, மீட்டிங்ல இருக்கேன், சத்தம் போடாம எடுங்க” என்றான். குரோம்பேட்டையில் ஒரு அம்மா, “அடுப்புல குக்கர் இருக்கு. என்னை அப்புறம் எடுக்கலாம், முதல்ல போய் அதை நிறுத்துங்க” என்றார்கள். போய் நிறுத்தினேன். சாம்பார் நன்றாக வந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் எல்லாம் கேட்டும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, அதற்குக் காரணமும் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

உங்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பெல்ட், ஹெல்மெட், சாவி எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் படித்ததெல்லாம் மூடின கதவுகளுக்கு வெளியே நின்று படித்ததுதான். அதனால் கதவைப் பற்றி எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். என் வேலையை நான் புரிந்துகொண்ட பாஷை கோயில் பாஷை. நீங்கள் உங்கள் பாஷையில் மாற்றிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது.

எங்கள் ஊரப்பாக்கம் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றாட வாழ்க்கையில் புனிதத்தில் வளர்வது எப்படி என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பாதி நேரம் என் கவனம் மேலே சுற்றிய ஃபேனில் இருந்தது. பேரிங் போயிருந்தது. மீதிப் பாதியில் காதில் விழுந்தது இதுதான்: புனிதர் என்றால் பீடத்தில் கை தூக்கி நிற்கிற சுரூபம் மட்டுமில்லை, அவரவர் வேலையில், அவரவர் வீட்டில், பக்கத்தில் இருப்பவரிடம் அன்பாக நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறவர்களும்தான் என்றார். பூசை முடிந்ததும் போய், “அப்ப லிஃப்ட் மாதிரி சர்ருனு மேல போறதில்ல ஃபாதர். கரண்ட் இல்லாதப்ப கையால சக்கரத்தைச் சுத்தி மேல கொண்டுபோற மாதிரி” என்றேன். அவர், “நீங்க அந்த ஃபேனைப் பாருங்க” என்றார். பார்த்தேன்.

இனி அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன்.

இடம் முடிச்சூர் ரோட்டில் ஒரு நாலு மாடி அடுக்ககம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை. இது முக்கியம், பிறகு சொல்கிறேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார் என்று போன் வந்தது. நான் பக்கத்தில் பீர்க்கன்காரணையில் ஒரு வேலையில் இருந்தேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் போக வேண்டும். என் கூட்டாளி பெருங்களத்தூரில் வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “ஆம்புலன்சே நிக்குதுண்ணா, நான் எம்மாத்திரம்” என்றான். நான் மட்டும் போனேன்.

இரண்டாவது மாடி லிஃப்ட் வாசலில் சின்னக் கூட்டம். அதில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அடுக்ககச் சங்கத்தின் செக்ரட்டரி. கையில் கடப்பாரை வைத்திருந்தார். பனியனோடு இருந்தார். இன்னொருவர் கன்னியம்மா, கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். லிஃப்டின் அவசர மணி ஒரே ஒரு தடவை அடித்து நின்றதைக் கேட்டு, பெட்டியை வைத்தது வைத்தபடி போட்டுவிட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். பெட்டியை வைத்த இடம் செக்ரட்டரியின் சட்டை. அவர் பனியனோடு இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

“சார், நான் பாத்தேன் சார்” என்றார் கன்னியம்மா. “வெள்ளச் சட்ட போட்ட பெரியவரு. கேட்டாண்ட வந்தாரு. ‘இன்னா சார், மேல போறியா’ன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. தலைய மட்டும் ஆட்டினாரு. இந்தக் கைய நெஞ்சுல வச்சிகினு, இப்பிடிப் புடிச்சிகினு, மெதுவா நடந்து போயி லிஃப்ட்ல ஏறினாரு. மூஞ்சே சரியில்ல சார். வந்தவுடனே கதவத் தட்டிக் கூப்ட்டேன். சத்தமே இல்ல.”

“யாரு, இங்க குடியிருக்கறவரா?”

“இல்ல, வெளியாளு. எப்பவாவது வருவாரு.”

செக்ரட்டரி என் தோளைத் தொட்டார். “மாஸிவ் அட்டாக் சார். எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு, அவங்களும் ஜி.எஸ்.டி. ரோட்டுல மாட்டிக்கிட்டாங்க. இனிமே நாமதான் உடைக்கணும்.”

நான் கதவருகே போய் வாயை வைத்துக் கூப்பிட்டேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் புகார் போன் எடுக்க ஒரு அக்கா இருந்தார். லிஃப்டைத் திறந்துகூடப் பார்த்தது கிடையாது. ஆனால் இன்றைக்கு வரைக்கும் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் பாதி அவர் சொன்னதுதான். “உள்ள இருக்கறவங்களுக்கு லிஃப்ட் அப்புறம்தான் வேணும்டா. முதல்ல குரல் வேணும். நீ போய்ச் சேர்றவரைக்கும் நான் குடுக்கறேன். போய்ச் சேந்ததும் நீ குடு. ஒரு நொடிகூட அவங்களைத் தனியா விட்றாத” என்பார். அதனால் நாங்கள் வாசலை விட்டு நகர்வதானால் வேறு ஒருவரை நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

“ஐயா, நான் லிஃப்ட் மெக்கானிக். வந்துட்டேன். நல்லா இருக்கீங்களா?”

பதில் இல்லை.

“மூச்சு விட முடியுதா ஐயா?”

இல்லை.

“நின்னுட்டிருக்கீங்களா, உக்காந்திருக்கீங்களா? கதவுல சாஞ்சிருந்தா கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம். அது மட்டும்.

உள்ளே இருப்பவர் திட்டினால் சந்தோஷப்படுங்கள். திட்டுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. அழுதாலும் சரி, உங்கள் பரம்பரையை விசாரித்தாலும் சரி. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான், உள்ளே அமைதியாக இருந்தால்.

இப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, செக்ரட்டரியின் வழி. கடப்பாரையால் வாசல் கதவை நெம்பி, பாதி உயரத்தில் தொங்குகிற லிஃப்டிலிருந்து ஆளை இழுப்பது. சீக்கிரம் முடியும். ஆனால் கீழே திறந்திருப்பது கிணறு, லிஃப்ட் ஏறி இறங்குகிற ஆழக் குழி. மயங்கிய ஆள் கதவில் சாய்ந்திருந்தால், கதவு திறந்ததும் நம் கைக்கு வரமாட்டார், கிணற்றுக்குத்தான் போவார். இழுக்கிறவரும் கூடவே போகலாம். இன்னொன்று, நம் வழி. மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளத்துக்குக் கொண்டுவருவது. உள்ளே இருப்பவருக்கு ஒரு கீறல்கூட விழாது. ஆனால் ஒற்றை ஆளாகச் செய்தால் நேரமாகும். நெஞ்சுவலிக்காரருக்கு அந்த நேரம் கிடையாது.

அதாவது, உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால் எந்த வழி என்று தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கவில்லை.

“எந்த வழின்னாலும் முதல்ல மேல போய்க் கரண்ட்டை நிறுத்தணும். நான் வர்றவரைக்கும் கடப்பாரை கதவுல படக் கூடாது” என்று செக்ரட்டரியிடம் சொன்னேன்.

“அதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார்.

“நான்தான்” என்றேன். இதை ரொம்பத் தைரியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். வேறு யாரும் அங்கே சம்பளத்துக்கு நிற்கவில்லை.

கன்னியம்மாவிடம் திரும்பி, “அக்கா, நீங்க இங்கயே நின்னு அவர்கிட்ட பேசிட்டே இருங்க. பதில் வரலைன்னாலும் பேசுங்க” என்றேன்.

“பதிலே சொல்லாதவர்கிட்ட இன்னா சார் பேசுறது?”

“எது வேணா கேளுங்க.”

அவர் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். “எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தான் சார். ஆட்டோல என் மடியில படுத்துகினு, நெஞ்சப் புடிச்சிகினு, ஒரு வார்த்த சொல்லல. ‘பேசுய்யா, பேசுய்யா’ன்னு ஆஸ்பத்திரி வர்ற வரிக்கும் கேட்டுகினே வந்தேன்” என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “யோவ் பெரியவரே! உசுரோட கீறியா? ஒரு வார்த்த சொல்லுய்யா!” என்று கத்தினார்.

நான் படியேறினேன். மூன்றாவது மாடியைத் தாண்டும்போதும் அவர் குரல் கேட்டது.

நாலாவது மாடியில் ஒரு வீட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பார்வைதான் பார்த்தேன். கால் தானாக நின்றது. வாசலுக்கு நேராக ஒரு சின்ன மேசை. அதன்மேல் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், எரிகிற மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர். மேசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா, தலையில் முக்காடு போட்டு, கையில் ஜெபமாலையோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பை தயாராக மாட்டியிருந்தது.

“சூசைநாதன் அண்ணனா?” என்றார்கள். பிறகு என் காக்கிச் சட்டையைப் பார்த்து, “ஓ, இல்லையா” என்றார்கள்.

கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு, மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணையை, எங்கள் பேச்சில் நன்மையை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். பூசையில் அர்ச்சித்த அப்பம்தான் அது, ஆனால் எங்களுக்கு அது ஆண்டவரேதான். சாமியாரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களில், சிலரை இதற்கென்று நியமித்திருப்பார்கள். சின்னச் சிமிழில் வைத்து, அதைப் பையில் போட்டு, கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார்கள். கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். வழியில் டீக்கடையில் நிற்பதோ, தெரிந்தவரிடம் ஊர்க்கதை பேசுவதோ கிடையாது. ஜெபித்துக்கொண்டே நேராக நோயாளி வீட்டுக்குத்தான் போவார்கள்.

நெஞ்சில் கை. கேட்டதற்குத் தலையாட்டல். பேசாத வாய். கன்னியம்மா சொன்னது எல்லாம் சரிதான். செக்ரட்டரியின் சித்தப்பாவுக்கும் அது பொருந்தும். எங்கள் பங்கு ஆட்களுக்கும் பொருந்தும்.

“அம்மா, அந்த அண்ணன் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டேன்.

“தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். சொன்ன சொல்லுல ஒரு புள்ளி மாறமாட்டார்” என்றார்கள். அவர்கள் பெயர் ஸ்டெல்லா டீச்சர் என்று பிறகு தெரிந்தது. “நாளைக்கு எனக்கு இடுப்புல ஆபரேஷன் தம்பி. ஆம்புலன்ஸ் இப்ப வந்துடும். அதுக்கு முன்னாடி நன்மை வாங்கணும்னு காலைலேருந்து எதுவும் சாப்பிடாமக் காத்துட்டிருக்கேன். வர்றேன்னா வந்துடுவார். ஏன் லேட்டுன்னு தெரியல.”

லிஃப்டில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. “வருவாரும்மா” என்று மட்டும் சொன்னேன். வயதானவர்களிடம் பாதி விஷயத்தைச் சொல்வதைவிட முழுசாக ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது என்பது என் கொள்கை. அது சரியா என்று இன்னமும் தெரியாது.

மேலே போய் மின்சாரத்தை நிறுத்தினேன். ஆனால் சக்கரத்தில் கை வைக்கவில்லை. என் ஊகம் சரியாக இருந்தால் மெதுவாகச் சுற்றலாம். தப்பாக இருந்தால் சுற்றுகிற நேரத்தில் ஒரு மனிதர் செத்துப்போவார். ஊகத்தை நம்பி ஒரு உயிரைப் பந்தயம் கட்டும் உரிமை எனக்குக் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. ஊகம் வந்தால் சந்தோஷம், ஆனால் போய்ச் சரிபார்க்க வேண்டும். மறுபடி இரண்டாவது மாடிக்கு இறங்கினேன்.

எப்படிச் சரிபார்ப்பது? கேட்டால் பதில் சொல்லமாட்டார். சொன்ன சொல்லில் ஒரு புள்ளி மாறாதவர் ஆயிற்றே. செக்ரட்டரி கடப்பாரையைக் கதவின் இடுக்கில் பொருத்திவைத்துக்கொண்டு, ஒலிம்பிக்கில் விசிலுக்குக் காத்திருப்பவரைப் போல என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் அமைதியா இருங்க” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். கதவில் வாயை வைத்தேன். சிலுவை அடையாளம் போட்டேன். “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்து, பாதி ஜெபத்தைச் சொல்லி நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீடுகளில் ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் முன்பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். தூக்கத்தில் முன்பாதியைக் கேட்டாலும் பின்பாதி தானாக வாயில் வரும். அப்படி ஒருவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்த, பின்பாதியைச் சொல்லாமல் விட்டுவிட எந்தக் கத்தோலிக்கராலும் முடியாது. அவர் உயிரோடு இருக்கும்வரை.

காதைக் கதவில் வைத்தேன்.

உள்ளிருந்து மெல்லிய குரலில் பின்பாதி வந்தது. அவசரமில்லாமல், ஒரு சொல் விடாமல், கடைசி ஆமென் வரைக்கும்.

“இன்னா சார், மந்திரம் போட்டதும் பேசுறாரு!” என்றார் கன்னியம்மா.

“அப்ப இவ்ளோ நேரம் ஏன் பேசல?” என்றார் செக்ரட்டரி. அவருக்குக் கடப்பாரையை இறக்கி வைக்க மனசே இல்லை.

“அவர்கிட்ட சாமி இருக்கு. கொண்டு போறப்ப பேசமாட்டாங்க” என்றேன்.

“லிஃப்ட்ல மாட்டினாக்கூடவா?”

என் பங்கில் யாரும் மாட்டியதில்லை.

இப்போது எந்த வழி என்று தெரிந்துவிட்டது. கடப்பாரையைச் சுவரில் சாய்க்கச் சொன்னேன். கன்னியம்மாவின் போனுக்கு என் போனிலிருந்து கூப்பிட்டு, “கட் பண்ணாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டு வச்சிக்கிட்டுப் பேசிட்டே இருங்க. நான் மேல போய் இறக்கறேன்” என்றேன்.

“அதான் நல்லா கீறாருனு தெரிஞ்சிபோச்சே. இன்னும் இன்னா பேசறது?”

“தனியா விடக் கூடாதுக்கா. அதான் எங்க வழக்கம்.”

“ஜெபம் செல்போன்லகூட ஓடும் சார்” என்றார் அவர். “எனக்கு அந்த மனுசன் வாயால நேரா ஒரு வார்த்த வோணும். அப்பதான் நம்புவேன்.”

மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோள் வலிக்கும், அவ்வளவுதான். போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதில் கன்னியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உசுரோட கீறியா பெரியவரே?”

“தண்ணி வோணுமா? கதவு தொறந்ததும் தரேன், ஒரு சொம்பு கொண்டாந்து வச்சிகீறேன்.”

“யாருக்காச்சும் சொல்லி அனுப்பணுமா? வூட்ல யார் கீறாங்க? தேடமாட்டாங்க?”

ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் பதிலுக்கு இடம் விட்டுக் கேட்டார். பதில் வராததும் மறுபடி முதலிலிருந்து கேட்டார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே வந்தது. கடைசியில் எனக்குக் கேட்டது வெறும் “பேசுய்யா, பேசுய்யா”தான்.

புகார் போன் எடுத்த அந்த அக்கா சொன்னதை நான் எத்தனையோ வருஷமாகத் தவறாமல் செய்து வந்திருக்கிறேன். உள்ளே இருப்பவருக்குக் குரல் வேண்டும். கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் அது வேண்டியிருக்கும் என்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. சட்டை பொசுங்கினாலும் பரவாயில்லை என்று ஓடிவந்து, முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு பெண் கீழே அழுகிறார். அங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. அதை நம் சாவியால் திறக்க முடியாது.

பெரியவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவர்மேல் மரியாதை. வேர்த்து விறுவிறுத்து, இருட்டில், தன் உயிரைவிடத் தன் நெஞ்சில் இருப்பவர் பெரியவர் என்று அசையாமல் நின்றவர் அவர். நானாக இருந்தால் முதல் நிமிஷத்திலேயே எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன், அதுவும் மரியாதையில்லாமல். ஆனால் சாமியார் வழியில் பேச வேண்டாம் என்று சொன்னது டீக்கடையை நினைத்து. லிஃப்ட் அவர் மனசில் இருந்திருக்காது. விதி சொன்னவர் நினைக்காத இடத்தில் நாம் போய் நிற்கும்போது, விதியை விடாமலும், அது எதற்காக வந்தது என்பதை மறக்காமலும் இருக்க வேண்டியிருக்கிறது. நம் வேலையிலும் தினம் இதுதான். புனிதத்தில் வளர்வது என்று சாமியார் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. வேறு எதையாவது ரிப்பேர் பார்க்கச் சொல்லிவிடுவார்.

லிஃப்ட் இரண்டாவது மாடித் தளத்துக்கு வந்து நின்றது. இறங்கிப் போய்ச் சாவி போட்டுத் திறந்தேன்.

பெரியவர் மூலையில் நேராக நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை நெஞ்சில் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை. வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், ஜெபத்தின் முன்பாதியைச் சொன்ன ஆள் நான்தான் என்று தெரிந்து முகம் மலர்ந்தது. நம் ஆள், இவருக்குப் புரியும் என்று நினைத்திருப்பார். அப்போதுதான் தாழ்ந்த குரலில் அதைச் சொன்னார். எல்லாம் கேட்டது, ஆனால் பதில் சொல்லக் கூடாது பாருங்கள் என்று.

எனக்கு எரிச்சல் வந்தது. அதை உங்களிடம் மறைப்பானேன். அவர் நெஞ்சில் இருக்கிறவர் வாயைத் திறந்திருந்தால் முதல் வார்த்தையே இந்தம்மாவுக்குத்தான் சொல்லியிருப்பார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். மாட்டிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு முதல் நிமிஷத்தில் பாடம் எடுக்கக் கூடாது. இதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

“எனக்குப் புரியுது ஐயா” என்றேன். “அந்தம்மா நம்ம கோயில் இல்லை. அவங்களுக்கு எப்படிப் புரியும்? அவங்க வீட்டுக்காரர் இப்படித்தான் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனாராம். நீங்களும் போயிட்டீங்கன்னு நினைச்சிட்டாங்க.”

கன்னியம்மா படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பு. போன் இன்னும் என் போனோடு இணைப்பில்தான் இருந்தது. அவர் பெரியவரை நிமிர்ந்து பார்த்தார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்திருந்தார்.

மேலே நாலாவது மாடியிலிருந்து ஸ்டெல்லா டீச்சரின் குரல், “அண்ணன் வந்துட்டாரா?” என்று கேட்டது. கீழே தெருவில் ஆம்புலன்ஸ் திரும்புகிற சத்தமும் கேட்டது.

சூசைநாதன் மாடிப்படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். நெஞ்சில் இருந்த கையை எடுக்காமல் திரும்பி வந்து, கன்னியம்மாவுக்கு முன்னால், அவர் உட்கார்ந்திருந்த உயரத்துக்குக் குனிந்தார்.

“உசுரோட கீறேம்மா” என்றார். “தண்ணி இப்ப வேணாம், வரும்போது குடிக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “வூட்ல யாரும் இல்லம்மா. தேட ஆள் இல்ல.”

பிறகு வாயை மூடிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, நாலாவது மாடிக்குப் படியேறினார்.